மணிக்கொரு முறை ஊர்ப் பெயர்

மோடைனா, கென்டக்கி
1988 மார்ச் 6

அன்பு ரெட்டாவுக்கு,

இங்கே மேகமூட்டம். மதியத்துக்கு மேல் தூறலாம். நானும் உன் ஸெல்லா அத்தையும் சுகம். அவளுடைய முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. டாலஸில் நீ தொண்டை கட்டாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் நான் வானிலையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன் என்று நீயே கேலி செய்கிறவள். எழுதினால்தான் எனக்கு மற்ற விஷயங்கள் வருகின்றன.

பர்ச்செட் நம் ரேடியோ நிலையத்தை விற்றுவிட்டார். பக்கவாதம் வந்ததிலிருந்தே இது நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் யாருக்கும் ரேடியோவில் ஆசையில்லை. வாங்கியவர் லெக்சிங்டன்காரர், கிர்ட்லி என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். வந்த அன்றே எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். இனிமேல் பாஞ்சோ, பிடில் பாட்டெல்லாம் கிடையாதாம். நகரத்தில் இளைஞர்கள் கேட்கிற பாட்டுத்தானாம்.

"சாவு அறிவிப்புக்கு தினம் எவ்வளவு நேரம் போகுது?" என்று என்னிடம் கேட்டார்.

"எத்தனை பேர் செத்தாங்கங்கறதப் பொறுத்து, சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சாவு அறிவிப்பு போய்விட்டது. வாங்குவோர் விற்போர் நிகழ்ச்சி சனிக்கிழமைக்கு மட்டும். ஓடையில் தண்ணீர் எவ்வளவு, பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்லலாம், அதுவும் சுருக்கமாக. காலை நிகழ்ச்சி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதுவரை பரவாயில்லை.

நேரம் கிடைக்கும்போது எழுது.

அன்போடு,
அப்பா


டாலஸ்
1988 மே 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் அத்தைக்கும், அத்தையின் முழங்காலுக்கும் என் அன்பு. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பர்ச்செட் தாத்தாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கிர்ட்லியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். எந்த அலுவலகம் என்று கேளுங்கள். ரேடியோவில் போக்குவரத்து நெரிசல் வாசிக்கிற வேலையை விட்டுவிட்டேன். இப்போது இருக்கும் கம்பெனி சாட்டிலைட் வழியாகச் சின்ன ஊர்களின் நிலையங்களுக்குப் பாட்டும் பேச்சும் அனுப்புகிறது. நான் ஜன்னல் இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்து பேசுகிறேன், வயோமிங்கில் ஒருத்தர் காபி குடித்துக்கொண்டே கேட்கிறார். ஒவ்வொரு ஊருக்கும் அதன் பெயரையும் நிலையத்தின் பெயரையும் தனியாகப் பதிவு செய்து அனுப்பிவிடுவோம். அது மணிக்கொரு முறை நடுவில் வந்து விழும். கேட்கிறவர்களுக்கு நான் அவர்கள் ஊரிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

இங்கே நான் ரெட்டா ஸ்டாம்பர் இல்லை, ஜில். ரெட்டா என்றால் மலைநாட்டு வாசனை அடிக்கிறதாம்.

உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கற்றதுதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. கிர்ட்லியிடம் கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

உங்கள் பிள்ளை,
ரெட்டா


மோடைனா
1988 நவம்பர் 27

அன்பு ரெட்டாவுக்கு,

முதல் பனி விழுந்திருக்கிறது. சாலைகள் திறந்திருக்கின்றன. நாங்கள் இருவரும் சுகம், நன்றித் திருநாளுக்கு ஸெல்லா வீட்டில் சாப்பிட்டேன். சோள ரொட்டியைக் கருக்கிவிட்டு அடுப்பின் மேல் பழியைப் போட்டாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கிர்ட்லியும் விற்றுவிட்டார். அவருடைய பாட்டை இளைஞர்கள் கேட்கவில்லை, கேட்கக்கூடிய இளைஞர்களில் பாதிப் பேர் உன்னை மாதிரி வெளியூரில் இருக்கிறார்கள். எங்களுக்கோ அதைக் கேட்கும் வழக்கம் இல்லை. வாங்கியது ஓஹாயோவில் ஒரு கம்பெனி. அதன் முதலாளி முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரு லாரியில் பெரிய வட்டத் தட்டு வந்தது, கொண்டுவந்த பையன்கள் அதை வானத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, ஸ்டுடியோவுக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டியை நிறுத்திவிட்டுப் போனார்கள்.

நான் தினமும் நிலையத்துக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன். கவலைப்படாதே.

வந்து இறங்கிய அட்டைப்பெட்டியில் டாலஸ் முகவரி ஒட்டியிருந்தது. பாட்டெல்லாம் அங்கிருந்துதான் வரப்போகிறதாம். உன் ஊராயிற்றே, உனக்குத் தெரிந்தவர்களா?

அன்போடு,
அப்பா


டாலஸ்
1989 பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். சளி பிடித்து விட்டது, மற்றபடி நலம். நீங்களும் அத்தையும் குளிரில் பத்திரமாக இருங்கள். புது வீட்டுக்கு மாறியிருக்கிறேன், பழையதைவிடச் சின்னது. பக்கத்து வீட்டுப் பூனை என்னைத் தத்தெடுத்துக்கொண்டது. அத்தைக்கு ஒரு கம்பளிச் சால்வை தனியாக அனுப்பியிருக்கிறேன், நிறம் ரொம்பப் பளிச்சென்று இருக்கிறதென்று சொன்னால் மாற்றித் தருகிறேன்.

நீங்கள் தினமும் நிலையத்துக்குப் போய்வருவது எனக்குப் பெரிய நிம்மதி.

அந்தக் கம்பெனியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டாலஸ் பெரிய ஊர், அப்பா.

உங்கள் பிள்ளை,
ரெட்டா


மோடைனா
1989 ஜூன் 11

என் கண்ணு ரெட்டாவுக்கு,

கர்த்தர் புண்ணியத்தில் மூச்சோடு இருக்கிறேன், நீயும் அப்படியே இருப்பாய். சால்வை அழகு. ஆனால் அதைப் போர்த்திக்கொண்டு சர்ச்சுக்குப் போனால் பிரசங்கத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

அடி கள்ளி, நேற்று பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்தேன், ரேடியோவில் ஒரு பெண் நம் ஊர்ப் பெயரைச் சொல்கிறாள். வெளியூர்க்காரன் எவனாக இருந்தாலும் எழுத்தை மட்டும் பார்த்து மோடினா என்பான். இவள் நம்மைப் போலவே மோடைனா என்கிறாள். பீன்ஸைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மணிவரை காத்திருந்து மறுபடியும் கேட்டேன். "மோடைனாவில் இன்னொரு அழகான நாள்." நீயேதான். ஜில் என்றால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா, உனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்து வீட்டு ட்ரீமாவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். இப்போது தெருவுக்கே தெரியும். காலையில் முடுக்கினால் பொழுது சாய்ந்து நிலையம் மூடும்வரை ரேடியோவை அணைப்பதில்லை, மணிக்கொரு முறை நீ வந்து போகிறாய், வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

உன் அப்பனிடம் மட்டும் சொல்லவில்லை. அவன் உனக்கு எழுதியிருக்க மாட்டான். பெட்டி வந்த வாரமே அவனைப் பேச வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். நிலையத்துக்குத் தினமும் போவது உண்மைதான், ஒலிபரப்புக் கம்பத்தடியில் புல் வெட்டுவதற்கு. வேலிச் சாவி மட்டும் கையில், கட்டடத்துக்குப் புதுப் பூட்டு. "இப்ப யாருக்குடா காலை வணக்கம் சொல்றே, புல்லுக்கா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அப்புறம் கேட்பதில்லை.

அவன் வீட்டில் ரேடியோ போடுவதே இல்லை.

உன் அத்தை,
ஸெல்லா


டாலஸ்
1989 ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன்.

ஊர்களின் பட்டியல் ஒன்று மேசைக்கு வரும், வரிசையாக வாசித்துக்கொண்டே போவோம். ஒரு நாள் அதில் நம் ஊர் இருந்தது. நான் வாசிக்காவிட்டால் பக்கத்து அறையில் இருக்கிற பெண் வாசித்திருப்பாள், மோடினா என்று. வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் இடத்துக்கு வருகிறேன் என்று எனக்குத் தெரியாது. அவர் போய்வருகிறேன் என்றுதான் எழுதினார்.

அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன், நேரில் வரும்போது.

நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து கொஞ்சம் நன்றாகவே பேசுகிறேன்.

உங்கள்,
ரெட்டா


மோடைனா
1990 மார்ச் 4

அன்பு ரெட்டாவுக்கு,

மழை விட்டுவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நலமாக இருக்க வேண்டும். போன் கம்பிகள் இன்னும் சரியாகவில்லை, சாலையும் இல்லை, அதனால் அடக்கத்துக்கு உன்னைக் கூப்பிட வழியில்லாமல் போய்விட்டது. நேராகச் சொல்லிவிடுகிறேன். ஸெல்லா போய்விட்டாள். வெள்ளத்தில் இந்தப் பக்கம் நான்கு பேர் போனார்கள், அவளும் ஒருத்தி.

இரண்டு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. பொழுது விடிந்து நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது ஷெரிப்பின் ஆள், உனக்குத் தெரிந்த கெல்லிஸ், வாசலில் வந்து நின்றான். மேலே பழைய சுரங்கத்தின் கழிவுத் தண்ணீரைத் தேக்கியிருக்கிற குட்டையின் கரை உடைகிற மாதிரி இருக்கிறது என்றான்.

"ரேடியோ ஸ்டேஷன்ல போன எடுக்கவே மாட்டேங்கறாங்க, ஹோபர்ட். அடிச்சுக்கிட்டே இருக்கு. நீ போய் ஜனங்களுக்குச் சொல்லேன்."

"அங்க எடுக்கறதுக்கு ஆள் இல்லடா" என்றேன். ஆனாலும் வண்டியை எடுத்தேன். பாலத்தடியில் வலது பக்கம் திரும்பிப் பாலத்தைக் கடந்தால் ஸெல்லா வீடு, இடது பக்கம் நிலையம். உனக்குத் தெரியும். வலது பக்கம் போனால் ஸெல்லாவை மட்டும் கூட்டிவரலாம். மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் ஸெல்லாவும் கேட்பாள், ஓடையோரம் இருக்கிற எல்லாரும் கேட்பார்கள். இடது பக்கம் திரும்பினேன்.

வேலியைத் திறந்தேன். கட்டடத்துக்குச் சாவி இல்லை. ஒரு கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்து உள்ளே போனேன். ரெட்டா, அங்கே மைக் இல்லை. மேசை இல்லை, நாற்காலி இல்லை. தரையில் மேசையின் நான்கு கால் இருந்த தடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்தப் பெட்டி நின்று விளக்கு மினுக்கிக்கொண்டு தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. என்ன பேசியது என்று நான் காதில் வாங்கவில்லை. எதில் வாய் வைத்தால் ஊருக்குக் கேட்கும் என்று அதன் முன்னும் பின்னும் தேடினேன். அதற்கு வாய் ஒன்றும் கிடையாது. கடைசியில் சுவரிலிருந்த வயர்களையெல்லாம் பிடுங்கினேன். ரேடியோ நின்றுபோனால் ஏதோ சரியில்லை என்றாவது ஜனங்கள் வெளியே வந்து பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

திரும்பிப் பாலத்துக்கு வந்தபோது பாலம் இல்லை.

ஸெல்லாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தூக்கத்திலேயே போயிருப்பாள், அவள் ரேடியோவும் அணைந்துதான் இருந்தது. அதை நீ மனதில் போட்டுக்கொள்ளாதே. உன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

கண்ணாடி உடைத்ததற்காகக் கம்பெனி வேலிச் சாவியைத் திருப்பிக் கேட்டிருக்கிறது. கொடுத்துவிட்டேன்.

அன்போடு,
அப்பா


மோடைனா
1990 ஜூன் 17

ரெட்டாவுக்கு,

ட்ரீமா எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், மேட்டுத் தெருவில் என் கொழுந்தன் வீட்டில். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அத்தை தூங்கிக்கொண்டா இருந்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதியிருந்தாய். எழுதலாமா வேண்டாமா என்று வெகு நாள் யோசித்தேன். உன் அப்பாவுக்குத் தெரியும், அவரிடம் நான் அன்றே சொல்லிவிட்டேன். அவர் உனக்குச் சொல்ல மாட்டார். நீயாகக் கேட்டுவிட்டாய், நான் பொய் சொல்ல மாட்டேன்.

தூங்கவில்லை. ஓடை நிறம் மாறியதும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் கதவைத் தட்டினேன். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"அக்கா, தண்ணி ஏறுது, வாங்க போயிரலாம்" என்றேன்.

"ரேடியோல ஒண்ணும் சொல்லலியேடி. அழகான நாள்னு போன மணிக்குக்கூடச் சொன்னா. அப்படி ஏதாச்சும்னா நம்ம ரெட்டா சொல்லாம இருப்பாளா?"

அதற்குள் ரேடியோ சட்டென்று ஓய்ந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். "இரு, இரு, என்னமோ சொல்லப் போறாங்க" என்று ரேடியோவிடம் போய்க் குனிந்து சத்தத்தைக் கூட்டினார்கள். சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான். நான் கிளம்பிவிட்டேன். நீங்கள் பின்னாலேயே வாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

நான் பார்த்ததை எழுதினேன். உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. மற்றவர்களைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ட்ரீமா


டாலஸ்
1991 ஜனவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

புது வருடம் உங்களுக்குச் சுகத்தைக் கொடுக்கட்டும். நான் நலம் என்று எழுதுகிறேன், நீங்களும் அப்படியே எழுதுவீர்கள். இத்தனை மாதம் எழுதாமல் இருந்தேன். உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன.

அந்த வேலையைக் கோடையிலேயே விட்டுவிட்டேன். இப்போது ஒரு பல் மருத்துவரிடம் போன் எடுத்து நாள் குறித்துக் கொடுக்கிறேன். போன வாரம் ஒருவர், "உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார். நான் எழுந்து குளியலறைக்குப் போய்விட்டேன்.

ஊருக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறேன், அப்பா. வசந்தத்தில் கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாளுக்கு வந்து, அப்படியே தங்கிவிடுகிறேன். என் அறை அப்படியேதானே இருக்கிறது? எந்த வேலையாக இருந்தாலும் பார்க்கிறேன். உங்களுக்கும் துணையாக இருக்கும்.

சரி என்று ஒரு வரி போடுங்கள்.

உங்கள் பிள்ளை,
ரெட்டா


மோடைனா
1991 பிப்ரவரி 3

அன்பு ரெட்டாவுக்கு,

கடும் குளிர், காற்று வடக்கிலிருந்து. நான் சுகம். நீ வேலையை விட்டது நல்லது, தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும்.

இப்போது வர வேண்டாம். அறையில் கூரை ஒழுகுகிறது, சாலையும் இன்னும் சரியாகவில்லை என்று காரணம் எழுதத் தொடங்கினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஓஹாயோ கம்பெனி வெள்ளத்துக்கு அப்புறம் நிலையத்தைக் கைகழுவிவிட்டது. டென்னஸியில் பிரசங்கம் விற்கிற ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை பிரசங்கம், எல்லாம் டேப். ஆனால் மணிக்கொரு முறை நிலையத்தின் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும் என்று சட்டம். அதற்குப் புதிதாக யாரையும் பேசவைக்கவில்லை. உன் பழைய டேப் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். நீதான் சொல்கிறாய். அழகான நாள் என்பதோடு சேர்த்துத்தான்.

அந்தக் குரல் யாருடையது என்று ஊருக்குத் தெரியும், ஸெல்லா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். கடையில் நான் நிற்கும்போது மணி நெருங்கினால் யாராவது ஒருத்தர் கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். எனக்காகச் செய்கிறார்களா, தங்களுக்காகவா என்று நான் கேட்டதில்லை. கெல்லிஸின் மனைவி வெள்ளத்தில் தன் தம்பியை இழந்தவள். அவள் குறைப்பதில்லை, வெளியே போய்விடுகிறாள். டென்னஸிக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை.

அன்று அந்த வயரை நான் பிடுங்கியபோது நீ ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாய். மோடை என்பதுவரை வந்தது.

எனக்கு முன்னமே தெரியும், ரெட்டா. ஸெல்லா சொல்லவில்லை. புல் வெட்டும்போது வண்டி ரேடியோவில் கேட்டேன். முதல் தடவை கேட்டபோது எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டேன். நன்றாகச் சொல்கிறாய் என்றுதான் தோன்றியது. அதை அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம்.

அன்போடு,
அப்பா


மோடைனா
1991 செப்டம்பர் 29

அன்பு ரெட்டாவுக்கு,

வானம் தெளிவு. நாள் முழுக்க இப்படியே இருக்கும். எனக்கு உடம்பு சுமாராக இருக்கிறது, மருத்துவர் நடக்கச் சொல்கிறார். உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாகிறது. நீ சுகமாக இருக்க வேண்டும்.

டென்னஸிக்காரர்களுக்கும் ஆகவில்லை. விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆள் இல்லை. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பழைய இரும்பு எடுப்பவர்கள் வந்து கம்பத்தைப் பிடித்திருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்தார்கள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நினைத்ததைவிடச் சத்தம் குறைவாகத்தான் விழுந்தது. பர்ச்செட்டும் நானும் அதை நிறுத்திய அன்று ஊரே வந்திருந்தது. இந்தத் தடவை நானும் ஒரு நாயும்தான்.

வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டேன். நம் நிலையம் வருகிற இடத்தில் வெறும் இரைச்சல். மணி ஆனபோதும் இரைச்சல்தான்.

நேற்றுக் கடைக்குப் போனேன். கெல்லிஸின் மனைவி மாவு வாங்கிக்கொண்டிருந்தாள். மணி ஆனபோதும் வெளியே போகவில்லை.

உன் அறைக் கூரையைச் சரி செய்துவிட்டேன். நீ வருவதானால் இனி வரலாம். யார் உன்னிடம் முகம் கொடுப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ட்ரீமா வேறு ஊருக்குப் போய்விட்டாள். இங்கே உனக்கு வேலை எதுவும் இல்லை, எனக்கும் இல்லை. உன்னை வரச் சொல்ல இதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை: உன் குரல் இப்போது இந்த ஊரில் எங்கேயும் கேட்பதில்லை.

வந்தால் ஸெல்லாவின் கல்லறைக்கு நானும் கூட வருகிறேன். அங்கே நாம் இருவரும் ஒன்றும் பேச வேண்டியதில்லை.

அன்போடு,
அப்பா